ராத்திரி முழுக்க நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை பொதுச்சுவரில் "ஊம்ம்": எங்கிருந்து வருகிறது, எப்படி நிறுத்துவது?

பின்கட்டு

திருவல்லிக்கேணி. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வரிசை வீடு. படுக்கையறையின் கிழக்குச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பொது. சுண்ணாம்புக் காரை, நல்ல கனம். அறை 12 அடிக்கு 10 அடி. 12 அடி என்பது பொதுச்சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை.

பதினோரு மணிக்குத் தெரு அடங்கியதும் அந்தச் சுவரிலிருந்து "ஊம்ம்" என்று ஆரம்பிக்கும். 12, 13 விநாடி. முடியும்போது ஒரு "டொக்". பிறகு சுமார் நாலரை நிமிடம் ஒன்றுமில்லை. மறுபடி "ஊம்ம்". விடியும்வரை இதே கதை. காது "அடுத்தது எப்போ" என்று காத்துக்கொண்டிருப்பதால்தான் தூக்கம் வருவதில்லை. ஜன்னலைச் சாத்தினால் சத்தம் குறைவதற்குப் பதில் கூடுகிறது.

சுவர் முழுக்க அக்கூஸ்டிக் ஃபோம் ஒட்ட எஸ்டிமேட் வாங்கியாயிற்று. ஒட்டலாமா?

டெசிபல்தாசன்

ஒட்டாதீர்கள். ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், சுவரைத் தாண்டி வருவதைத் தடுக்காது. அதுவும் 25 மி.மீ. ஃபோம் உருப்படியாக வேலை செய்வது 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான். நீங்கள் சொல்லும் "ஊம்ம்" 100 ஹெர்ட்ஸிலோ அதற்குக் கீழேயோ இருக்கும். 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் மூன்றரை மீட்டர். அதை நன்றாக உறிஞ்ச வேண்டுமென்றால் கால் அலைநீளம், அதாவது கிட்டத்தட்ட மூன்றடி கனத்துக்கு ஃபோம் வேண்டும். கட்டில் போட இடம் மிஞ்சாது.

ஜன்னல் சாத்தினால் ஏன் கூடுகிறது? அது கூடவில்லை. தெரு இரைச்சல் போர்வை மாதிரி மூடியிருந்தது, போர்வையை எடுத்துவிட்டீர்கள். அதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. சத்தம் ஜன்னல் வழியாகக் காற்றில் வரவில்லை, சுவர் வழியாக வருகிறது.

இரண்டு சோதனை செய்யுங்கள்:

ஒன்று, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சுவரில் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்துங்கள். "ஊம்ம்" வரும் நேரத்தில் சுவரில் அடிக்கு ஓர் இடமாக மாற்றிப் பாருங்கள். எங்கே ஓங்கிக் கேட்கிறதோ அதற்கு நேர் பின்னால்தான் எந்திரமோ, குழாய் கிளாம்ப்போ இருக்கும். ஸ்க்ரூடிரைவர் இல்லையென்றால் எவர்சில்வர் டம்ளர்.

இரண்டு, ஆண்ட்ராய்டு போனில் ஸ்பெக்ட்ராய்டு என்ற இலவச ஆப் உண்டு. ஓடும்போது எந்த ஹெர்ட்ஸில் கூர் எழுகிறது என்று மட்டும் பாருங்கள், டெசிபல் எண்ணை நம்ப வேண்டாம். விடாமல் 100 ஹெர்ட்ஸ் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி ஏதாவது. 48 பக்கம் என்றால் சுற்றுகிற மோட்டார். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஓடும் சாதாரண பம்ப் நிமிடத்துக்கு சுமார் 2,880 சுற்று. அறுபதால் வகுத்தால் 48.

வால்வுக்காரர்

ஆப்பெல்லாம் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். விட்டு விட்டு ஓடி, நிற்கும்போது "டொக்" என்றால் பக்கத்து வீட்டு பிரஷர் பம்ப். யாரும் குழாய் திறக்காத நேரத்திலும் ஓடுகிறது என்றால் எங்கோ தண்ணீர் கசிகிறது. பிரஷர் இறங்க இறங்க பம்ப் தானாக எடுத்து, ஏற்றிவிட்டு நிற்கிறது. "டொக்" என்பது என்.ஆர்.வி.யின் (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) மடல் அடித்து மூடும் சத்தம், அல்லது அந்த அதிர்ச்சியில் குழாய் துள்ளிச் சுவரில் மோதுவது.

என் சந்தேகம் பிரஷர் டேங்க்கில். உள்ளே ரப்பர் பிளாடர் கிழிந்து டேங்க் முழுக்கத் தண்ணீர் ஏறியிருக்கும். டேங்க்கின் பின்பக்கம் பைக் டயரில் இருப்பது போன்ற காற்று வால்வு உண்டு. நடுப்பின்னை அழுத்தினால் காற்று வர வேண்டும். தண்ணீர் வந்தால் பிளாடர் போச்சு.

டெசிபல்தாசன்

வால்வுக்காரரே, கசிவு சரி. பிளாடர் ஒத்துவரவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

24 லிட்டர் டேங்க், பிரஷர் 2 கிலோவில் (சதுர செ.மீ.க்கு) பம்ப்பை எடுத்து 3 கிலோவில் நிறுத்தும் சுவிட்ச், உள்ளே 1.8 கிலோ காற்று. டேங்க் நல்ல நிலையில் இருந்தால் பம்ப் ஓடாமலே சுமார் ஐந்தரை லிட்டர் கொடுக்கும். பிளாடர் கிழிந்தால் அது அரை லிட்டருக்கும் கீழே போய்விடும். நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளும் பம்ப் அதை ஒரு விநாடியில் நிரப்பிவிடும். "டக், டக், டக்" என்று வெட்டி வெட்டித்தான் ஓடும். இவர் சொல்வது 12, 13 விநாடி.

சரி, டேங்க் நன்றாக இருக்கிறது என்றே வைப்போம். ஐந்தரை லிட்டர் நிரப்ப 11 விநாடி, பொருந்துகிறது. ஆனால் அந்த ஐந்தரை லிட்டரும் நாலரை நிமிடத்தில் தீர வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் கசிய வேண்டும். அது கசிவு இல்லை, குழாய் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். வீட்டில் இருப்பவர்களுக்கே காதில் விழுந்திருக்கும்.

வால்வுக்காரர்

ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் அங்கே டேங்க்கே இல்லை. பம்ப் தலையில் எலக்ட்ரானிக் கண்ட்ரோலர் மாட்டியிருப்பார்கள். இப்போது சின்ன வீடுகளுக்கெல்லாம் அதுதான் போகிறது. பிரஷர் ஒன்றரை கிலோவுக்கு இறங்கியதும் எடுக்கும். தண்ணீர் ஓட்டம் நின்ற பிறகும் பத்துப் பன்னிரண்டு விநாடி ஓடிவிட்டுத்தான் நிற்கும், அதன் வடிவமைப்பே அப்படி. அந்த 12 விநாடிக்கு இதுதான் காரணம். குழாய்க்குள் சேமிப்பு என்று எதுவும் கிடையாது, அதனால் ஃபிளஷ் டேங்க்கில் சொட்டுச் சொட்டாகப் போகிற தண்ணீரே பம்ப்பைக் கிளப்பப் போதும்.

பின்கட்டு, பகலில் போய்ப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, முகப்பில் சின்ன கேஜ், இரண்டு மூன்று விளக்கு, ஒரு ரீஸ்டார்ட் பட்டன். இருந்தால் அதுதான்.

மொட்டைமாடி

இடையில் ஒரு கேள்வி. பக்கத்து வீட்டு ஏ.சி. அவுட்டோர் யூனிட் சுவரில் அதிர்கிறது. இதே வைத்தியம்தானா?

டெசிபல்தாசன்

பாதி இதேதான். பிராக்கெட்டுக்கும் யூனிட் காலுக்கும் நடுவே ரப்பர் புஷ் இருக்கிறதா, செப்புக் குழாய் சுவரைத் தொடுகிறதா, முன் கிரில் ஸ்க்ரூ லூஸா என்று பாருங்கள். பாதி பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். மீதியைத் தனி இழையாகப் போடுங்கள், இங்கே பம்ப் ஓடட்டும்.

பின்கட்டு

பார்த்தாயிற்று. வால்வுக்காரர் சொன்ன கறுப்புப் பெட்டிதான். டேங்க் இல்லை. அரை எச்.பி. பம்ப். அவர்கள் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து தண்ணீர் இறங்கி பம்ப் வழியாக பாத்ரூம்களுக்குப் போகிறது. பம்ப்பைத் தரையில் வைக்காமல் பொதுச்சுவரில் எல்-ஆங்கிள் பிராக்கெட் அடித்து ஏற்றியிருக்கிறார்கள். சரியாகத் தலைமாட்டுக்கு நேர் பின்னால். பிராக்கெட்டுக்கும் பம்ப்புக்கும் நடுவே ரப்பர் ஷீட் உண்டு, ஆனாலும் இப்படி.

ஸ்பெக்ட்ராய்டில் 48-இல் பெரிய கூர், 96 பக்கமும் 100-இலும் சின்னதாக.

டெசிபல்தாசன்

அந்த ரப்பர் ஷீட் ஏன் உதவவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எல்லாரும் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

ரப்பர் அதிர்வைத் தடுப்பது அமுங்குவதால். எடை ஏறியதும் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்பதுதான் மொத்த விஷயமும். 15.8-ஐ அந்த மி.மீ.யின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அந்த அமைப்பின் சொந்த அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், கிடைக்கும். 1 மி.மீ. அமுங்கினால் சுமார் 16 ஹெர்ட்ஸ். பம்ப் 48-இல் ஓடுகிறது, மூன்று மடங்கு. அப்போது அதிர்வில் எட்டில் ஒரு பங்குதான் கீழே இறங்கும். ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோ பம்ப்பைக் கெட்டியான ஷீட் மேல் வைத்தால் 0.1 மி.மீ. கூட அமுங்காது. அதன் சொந்த அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலேயே போய் உட்காரும். பம்ப் ஓடுவதும் அதே 48-இல். தடுப்பதற்குப் பதில் தாளம் போட்டுக் கொடுக்கும்.

அதோடு, போல்ட் ரப்பரைத் துளைத்துக்கொண்டு பிராக்கெட்டில் இறங்கி முறுக்கப்பட்டிருக்கும். இரும்பு இரும்பைத் தொட்டுவிட்டது. அதிர்வு போல்ட் வழியாகப் போகும், நடுவில் ரப்பர் வேடிக்கை பார்க்கும்.

இன்னொன்று. உங்கள் அறை 12 அடி. 48 ஹெர்ட்ஸின் அரை அலைநீளமும் கிட்டத்தட்ட 12 அடி. அதனால் இரண்டு சுவரோரமும் ஒலி உச்சமாக இருக்கும், அறை நடுவே குறைந்துவிடும். கட்டில் பொதுச்சுவரை ஒட்டியிருந்தால் தலை சரியாக உச்சத்தில் இருக்கிறது. இன்றைக்கே தலையணை அறையின் நடுப்பகுதிக்கு வரும்படி கட்டிலைத் திருப்புங்கள். செலவு இல்லை. எதிர்ச்சுவர் மூலைக்கு மட்டும் தள்ளாதீர்கள், தூரம் கூடினாலும் அங்கே சத்தம் குறையாது.

சித்தாள்

தன் பக்கம் ஜிப்சம் போர்டில் இரண்டாவது சுவர் எழுப்பினால்? 50 மி.மீ. சந்து, 12.5 மி.மீ. போர்டு இரண்டு அடுக்கு, நடுவில் ராக்வூல் (கல் நார்ப் பஞ்சு). பேச்சுச் சத்தத்தை நன்றாகவே தடுக்கும் வேலை அது.

டெசிபல்தாசன்

பேச்சுக்கும் டி.வி.க்கும் அருமை. இங்கே ஆபத்து. இரண்டு அடுக்கு போர்டு சதுர மீட்டருக்கு சுமார் 19 கிலோ. 5 செ.மீ. காற்றோடு சேர்த்துக் கணக்கிட்டால் அந்தச் சுவரே 60 ஹெர்ட்ஸ் பக்கம் அதிர ஆரம்பிக்கும். 48-க்கு அது தடுப்பு ஆகாது, கொஞ்சம் கூட்டிக்கூடக் காட்டும். அந்தக் காசில் பாதி போதும் பம்ப்பை இடம் மாற்ற.

தூங்காநகர்

அதுவரைக்கும் காதில் பஞ்சு?

டெசிபல்தாசன்

பஞ்சு வீண். மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபோம் இயர்பிளக்கை மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே பின்னால் இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது உப்பும்வரை அரை நிமிடம் விரலால் தாங்க வேண்டும். அரைகுறையாக நின்றால் முதலில் ஓட்டை விழுவது இந்தத் தாழ்ஒலிக்குத்தான். ஃபேன் சத்தம் இந்த "ஊம்ம்"மை முழுக்க மறைக்காது, "டொக்"கை ஓரளவு மறைக்கும்.

கருங்கோட்டு

"போலீஸில் சொல்லுங்கள்" என்று யாராவது எழுதுவதற்கு முன் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்-ஏ. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு வரை. அந்த அளவை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் கொடுக்கலாம் என்பது 7-ஆம் விதி. மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அரசு நியமித்த டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஆகியோர் அதில் நடவடிக்கை எடுக்கலாம். ஒலிபெருக்கிக்கு இதெல்லாம் நன்றாகவே பொருந்தும்.

இந்த பம்ப்புக்கு ஏன் பொருந்தாது என்று டெசிபல்தாசன் சொல்லட்டும்.

பொதுத்தொல்லைக்கு பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 152-ஆம் பிரிவு இருக்கிறது, பழைய சி.ஆர்.பி.சி.யில் 133. ஆனால் பாதிக்கப்படுவது ஒரே ஒரு படுக்கையறை என்றால் அதைப் "பொது" என்று நிறுவுவது கஷ்டம். தனிப்பட்ட தொல்லை என்று சிவில் கோர்ட்டில் தடையாணை கேட்கலாம், வருடக் கணக்கு. அதற்கு முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனு கொடுக்க வழி உண்டு. பக்கத்து வீட்டோடு வாழப்போகிறவர்களுக்கு அதுதான் கடைசிப் படி என்பது என் கருத்து.

டெசிபல்தாசன்

சுருக்கமாக: அந்த 45 என்பது ஏ-எடையில், அதாவது மனிதக் காது உணர்கிற விதத்துக்கு ஏற்பத் திருத்திய அளவில். ஏ-எடை தாழ்ஒலியைக் கழித்துவிடும். 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபல், 50-இல் 30 டெசிபல் கழிவு. உங்கள் தலையணையருகே உண்மையில் 60 டெசிபல் இருந்தாலும் மீட்டரில் 30 சொச்சம்தான் காட்டும். அளக்க வருகிறவர் "எல்லாம் விதிக்குள்தான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அந்தத் தாளை அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் ஃப்ரேம் போட்டு மாட்டுவார்.

உண்மையான அளவு தெரிய வேண்டுமென்றால் தாழ்ஒலியை அவ்வளவாகக் கழிக்காத சி-எடையிலும் அளக்கச் சொல்ல வேண்டும். சி-க்கும் ஏ-க்கும் வித்தியாசம் 20-ஐத் தொட்டால் பிரச்சினை தாழ்ஒலி என்பது உறுதி.

மாம்பலம் ஒயர்மேன்

பேசிப் பார்க்கும்போது கரண்ட் பில்லைச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க மோட்டார் ஓடினால் யூனிட் எகிறும் என்றால் உடனே வழிக்கு வருவார்கள்.

டெசிபல்தாசன்

அதைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். பத்திலிருந்து ஆறு வரை 480 நிமிடம், நாலரைக்கு ஒன்று என்றால் சுமார் 106 தடவை. தடவைக்கு 13 விநாடி, மொத்தம் 23 நிமிடம். அரை எச்.பி. பம்ப் அரைக் கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். ராத்திரிக்கு 0.2 யூனிட். "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிடுவார்கள்.

வால்வுக்காரர்

தண்ணீரைச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 100 மில்லி கசிவு, பார்வைக்கு ஒன்றுமே இல்லை. ஒரு நாளைக்கு 144 லிட்டர். பத்துக் குடம். திருவல்லிக்கேணியில் பத்துக் குடம் என்றால் யாருக்கும் உறைக்கும். இன்னொன்று, ராத்திரிக்கு நூறு தடவை ஆன்-ஆஃப் ஆனால் கண்ட்ரோலருக்குள் இருக்கும் ரிலே சீக்கிரம் கருகும். ஒருநாள் காலையில் குளிக்கிற நேரத்தில் போகும். அதையும் சொல்லலாம்.

எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸ்அப் போடக் கூடாது. மூன்று நாள், மணி-நிமிடம் குறித்துக்கொண்டு, சாயங்காலம் நேரில் போய், "சார், உங்க பம்ப் யாரும் தண்ணி புழங்காதப்பவும் எடுக்குது, எங்கயோ கசியுது போல, ஒரு தடவை பாத்துடலாமா" என்று ஆரம்பியுங்கள். "சத்தம்" என்ற வார்த்தை இரண்டாவதாக வரட்டும்.

கசிவு பார்க்கும் முறை:

பம்ப்பிலிருந்து வெளியே போகும் குழாயில் பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பி மூடும் வால்வு) இருக்கும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, அதையும் மூடுங்கள். கால் மணி நேரம் காத்திருங்கள். பம்ப் எடுக்கவே இல்லையென்றால் கசிவு வீட்டுக்குள். வால்வை மூடியும் எடுக்கிறது என்றால் கண்ட்ரோலருக்குள் இருக்கும் என்.ஆர்.வி. பிரஷரைப் பின்னுக்கு விடுகிறது. மணல் துகளோ உப்புப் படிவமோ சிக்கியிருக்கும், கழற்றிக் கழுவினால் சிலது தேறும்.

வீட்டுக்குள் என்றால் முதல் குற்றவாளி ஃபிளஷ் டேங்க். மூடியைத் திறந்து சொட்டு நீலம் பத்துச் சொட்டு விடுங்கள். அரை மணி நேரம் ஃபிளஷ் பண்ணக் கூடாது. கோப்பைக்குள் நீலம் இறங்கினால் அடி வாஷர் போச்சு. வாஷர் சில்லறைக் காசு. ஆனால் தண்ணீர் மட்டம் நடுக்குழாய் விளிம்பில் நின்றால் மிதவை வால்வு சரியாக மூடவில்லை, அதிகப்படி தண்ணீர் நடுக்குழாய் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்தது ஹெல்த் ஃபாசெட், அதற்கப்புறம் கீஸரின் சேஃப்டி வால்வு. ஆர்.ஓ. மெஷினை இந்த லைனில் கொடுத்திருந்தால் அதுவும் நிரம்பும்வரை மெல்லிசாக இழுத்துக்கொண்டே இருக்கும். ராத்திரி அதன் குழாயை மூடி வைத்துச் சோதியுங்கள்.

மாம்பலம் ஒயர்மேன்

பில் கணக்கில் தவறிவிட்டேன், விடுங்கள். ஆனால் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து இறங்கும் லைன் என்றால் இதைவிட எளிய வழி உண்டு. நின்றிருக்கும் பம்ப் வழியாகவும் தண்ணீர் தானாக இறங்கும், வேகம் குறைவாக. ராத்திரி கை கழுவ, ஃபிளஷ் நிரம்ப அது போதும். பம்ப் பிளக்குக்கு முன்னால் 16 ஆம்பியர் டிஜிட்டல் டைமர் போட்டு, பத்தரையிலிருந்து ஐந்து வரை ஆஃப். பேட்டரி உள்ளதாக வாங்குங்கள். மெக்கானிக்கல் டைமர் கரண்ட் போகும்போதெல்லாம் பின்தங்கி, ஒரு மாதத்தில் காலை ஐந்து மணியை ஏழரைக்குக் கொண்டுபோய் நிறுத்தும். அப்புறம் பக்கத்து வீட்டில் யார் முகத்தில் விழிப்பது?

வால்வுக்காரர்

டைமர் நல்ல யோசனை. ஆனால் கசிவை அப்படியே விட்டுவிட்டு டைமர் மட்டும் போட்டால் பத்துக் குடம் போய்க்கொண்டேதான் இருக்கும். வாஷரை முதலில் மாற்றுங்கள்.

பின்கட்டு

பேசியாயிற்று. பக்கத்து வீட்டு மாமி "ராத்திரி அது பாட்டுக்கு ஓடறதேன்னு நானும் யோசிச்சேன்" என்றார். பால் வால்வை மூடினால் பம்ப் எடுக்கவில்லை. நீலம் இரண்டாவது பாத்ரூம் கோப்பையில் இறங்கியது. வாஷர் மாற்றிய பிறகு நேற்று இரவு பத்திலிருந்து ஆறு வரை நான்கே தடவை. கட்டிலையும் திருப்பிப் போட்டாயிற்று, நடு அறையில் வித்தியாசம் தெரிகிறது.

ஆனால் அந்த நான்கு தடவையும் அதே "ஊம்ம்", அதே "டொக்". பம்ப்பைத் தரைக்கு இறக்க அவர்கள் சம்மதம். பிளம்பரிடம் என்ன சொல்லிச் செய்ய வைப்பது?

டெசிபல்தாசன்

பிராக்கெட்டை மொத்தமாகக் கழற்றிவிடச் சொல்லுங்கள். பம்ப் போனாலும் குழாயைத் தாங்க அதையே வைத்துக்கொள்கிறேன் என்பார்கள், விடாதீர்கள்.

தரையில் கான்கிரீட் பலகை: 60 செ.மீ. நீளம், 45 அகலம், 10 கனம். எடை சுமார் 65 கிலோ வரும். தரையில் நேரே ஊற்றக் கூடாது, தனியாக வார்த்துக் காய்ந்த பிறகு நான்கு ரப்பர் மவுண்ட் மேல் தூக்கி வைக்க வேண்டும். பம்ப்போடு சேர்த்து 77 கிலோ, மவுண்டுக்கு சுமார் 19 கிலோ. கடையில் "இந்த எடைக்கு 3 மி.மீ. அமுங்குகிற மவுண்ட்" என்று கேளுங்கள். 3 மி.மீ. என்றால் சொந்த அதிர்வெண் 9 ஹெர்ட்ஸ். 48-க்கு எக்கச்சக்கமாகப் போதும். பலகை எதற்கு என்று பிளம்பர் கேட்பார். பம்ப் மட்டும் என்றால் ரப்பரை அமுக்க எடை போதாது, அதற்குத்தான்.

பம்ப்பைப் பலகையோடு போல்ட் போடலாம். பலகையைத் தரையோடு போல்ட் போடவே கூடாது. சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கட்டும்.

சித்தாள்

பிராக்கெட் பிடுங்கிய ஓட்டையைச் சிமெண்ட்டால் அடைக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் தனியாக நிற்கும், ஈரம் தேங்கிச் சுற்றியுள்ள காரை உதிரும். சுண்ணாம்பும் மணலும் கலந்து, உள்ளே நனைத்துவிட்டு, இரண்டு தடவையாக அடையுங்கள்.

வால்வுக்காரர்

பம்ப்பை மிதக்க விட்டுவிட்டு இரண்டு பக்கமும் கெட்டிக் குழாயில் இறுக்கினால் எல்லாம் வீண். அதிர்வு குழாய் வழியாகச் சுவருக்கு ஏறும். உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் ஒன்றரை அடி நீளத்துக்கு ஸ்டீல் பின்னல் போட்ட ஒரு இஞ்ச் ஹோஸ் கொடுங்கள். நேராக இழுத்துக் கட்டாமல் எல் வடிவில் வளைத்து, கொஞ்சம் தொய்வாக. இறுகிய ஹோஸும் குழாயும் ஒன்றுதான்.

சுவரில் பிடிக்கும் கிளாம்ப் எல்லாம் உள்ளே ரப்பர் வைத்த வகையாக மாற்றுங்கள். குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் சிமெண்ட் பூசியிருந்தால் அதைக் கொத்தி எடுத்து, சுற்றிலும் ஒரு செ.மீ. இடைவெளி விட்டு, பஞ்சுபோன்ற ஃபோம் கயிறு திணித்து சிலிகான் பூசுங்கள். பாதி "டொக்" அங்கேயே போகும்.

மீதி "டொக்"குக்கு: லைனில் தனியாக மடல் வகை என்.ஆர்.வி. இருந்தால் ஸ்ப்ரிங் வகை மாற்றுங்கள். தண்ணீர் திரும்பி வந்து மடலை அறைவதற்கு முன்பே ஸ்ப்ரிங் மூடிவிடும்.

கூடவே 24 லிட்டர் பிரஷர் டேங்க் ஒன்று, கண்ட்ரோலருக்குப் பிறகு வரும்படி மாட்டுங்கள். முன்னால் மாட்டினால் கண்ட்ரோலரின் என்.ஆர்.வி. நடுவில் நிற்கும், டேங்க் இருந்தும் இல்லாத மாதிரிதான். பின்னால் மாட்டினால் நாளைக்கு வேறொரு வாஷர் கசிந்தாலும் ஐந்தாறு லிட்டர் தீரும்வரை பம்ப் எடுக்காது, 100 மில்லிக் கசிவுக்கு மணிக்கு ஒரு தடவைதான். உள்ளே காற்று 1.3 கிலோ, டயர் கேஜில் 18, 19 பி.எஸ்.ஐ. எடுக்கும் பிரஷர் ஒன்றரை கிலோ, அதற்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும்.

பின்கட்டு

பலகை, மவுண்ட், ஹோஸ், டேங்க் எல்லாம் போட்டாயிற்று. ஸ்க்ரூடிரைவர் வைத்தால் மட்டும் லேசாகக் கேட்கிறது, கட்டிலில் இல்லை. ஒரு சந்தேகம்: டேங்க் புதிது, பிளம்பர் 19 வைத்தேன் என்றார். இன்று பஞ்சர் கடை கேஜ் வைத்துப் பார்த்தால் 36 காட்டுகிறது. காற்றை இறக்கட்டுமா?

வால்வுக்காரர்

இறக்காதீர்கள். பம்ப் ஏற்றிவைத்த தண்ணீர் பிரஷரைத்தான் கேஜ் காட்டுகிறது. பம்ப் பிளக்கைப் பிடுங்கி, மொட்டைமாடி டேங்க் வால்வை மூடி, கீழ்க் குழாயைத் திறந்து தண்ணீர் முழுக்க வடியும்வரை விடுங்கள். பிறகு, குழாய் திறந்தே இருக்கும்போது, கேஜ் வையுங்கள். 19 இருந்தால் கை வைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே மாதிரி பார்த்து, குறைந்திருந்தால் சைக்கிள் பம்ப்பாலேயே அடித்துக்கொள்ளலாம்.